அறுபதுக்கு மேல் உடம்பு வலு: வெயிட் தூக்காமல் என்ன செய்யலாம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் பக்கத்துப் பெரியவர்களோடு காலையில் மைதானத்தில் பயிற்சி செய்கிறேன். வருகிறவர்களில் நிறையப் பேர் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வந்து ஓய்ந்தவர்கள். திராட்சைத் தோட்டம், வயல், கடை, அரசு வேலை என்று இருந்தவர்களும் உண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஜிம்முக்குப் போகாமல், இரும்பு தூக்காமல் இந்த வயதில் வலு வருமா?

வரும். தசைக்கு இரும்பு, ரப்பர், தண்ணீர்க் குடம், சொந்த உடம்பின் எடை என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது. தன் சக்திக்குக் கொஞ்சம் கூடுதலான சுமை வந்ததா, அது வாரத்துக்கு வாரம் சிறிது ஏறியதா, நடுவில் ஓய்வு கிடைத்ததா, இந்த மூன்றும் இருந்தால் தசை வலுவாகும். சுலபமாக இருபது முறை செய்ய முடிகிற ஒன்றையே வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தால் ஒன்றும் கூடாது. கடைசி இரண்டு, மூன்று முறை கஷ்டமாக இருக்க வேண்டும், வலிக்கக் கூடாது. அவ்வளவுதான் அளவுகோல்.

நான் நாற்பது வருஷம் மலையேறி வேலை செய்தவன். எனக்கெதற்குத் தனியாக எக்சர்சைஸ்?

இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான், என்னை அதிகம் கவலைப்பட வைப்பதும் இதுதான்.

ஏலக்காய் பறிப்பதை யோசித்துப் பாருங்கள். காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, அடித்தூரில் இருந்து கிளம்புகிற சரத்தில், தரையோடு தரையாகக் கிடக்கிறது. தூருக்குத் தூர் குத்தவைத்து உட்கார்ந்து, முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறித்து, எழுந்து, சரிவில் அடுத்த தூருக்குப் போய் மறுபடி உட்கார வேண்டும். காலையில் இருந்து சாயங்காலம் வரை இதே வேலை. அப்புறம் நிறைந்த சாக்கைத் தூக்கிக்கொண்டு சறுக்குகிற மண்ணில் இறங்க வேண்டும். தொடை, இடுப்பு, கெண்டைக்கால், முதுகு, கைப்பிடி எல்லாவற்றுக்கும் அதில் பயிற்சி இருந்தது. உங்களுக்குத் தெரியாமலே நடந்த பயிற்சி அது.

பிறகு ஒருநாள் மகன் "போதும்ப்பா, வீட்ல இரு" என்கிறான், நல்ல மனசோடுதான் சொல்கிறான். அன்றிலிருந்து அந்தச் சுமை மொத்தமாக நின்றுவிடுகிறது. திண்ணை, டிவி, டீக்கடை பெஞ்ச். முப்பது வயதைத் தாண்டியதும் பத்து வருஷத்துக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் அந்த வேகம் இன்னும் கூடுகிறது என்பது மருத்துவத்தில் பல காலமாகச் சொல்லப்படுவது. அதிலும் சட்டென்று எழவும், தடுக்கினால் உடனே காலை ஊன்றிச் சமாளிக்கவும் உதவுகிற வேகமான இழைகள்தான் முதலில் போகின்றன. பழைய உழைப்பு வங்கியில் போட்ட பணம் மாதிரி அப்படியே இருக்காது. வேலையை விட்ட ஒன்றிரண்டு வருஷத்தில் தரையில் இருந்து எழக் கையை ஊன்றுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன், அவர்களில் பலர் ஊரிலேயே திடமாக இருந்தவர்கள்.

அதனால் மலை வேலை செய்தவர்களுக்கு நான் சொல்வது, வேலையை விடுங்கள், அதில் இருந்த அசைவுகளை விடாதீர்கள். உட்கார்ந்து எழுவது, ஏறி இறங்குவது, சுமந்து நடப்பது. சின்ன அளவில், சமதளத்தில், நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேனே, அது போதாதா?

இதயத்துக்கும் சுகருக்கும் நல்லது, நிறுத்தாதீர்கள். ஆனால் அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று விஷயங்கள் உண்டு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, வாரம் மூன்று நாளாவது சமநிலையை முக்கியமாக வைத்துச் செய்கிற பயிற்சி. முதலாவதை நடை கொடுத்துவிடும். மற்ற இரண்டையும் பெரும்பாலானோர் செய்வதே இல்லை. மிதமான உழைப்பு என்றால் என்ன என்று கேட்பார்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேறு கருவி எதுவும் வேண்டாம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு நாற்காலியில் இருந்து. கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் சேர் வேண்டாம், வழுக்கும். கைகளை நெஞ்சின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும். 65 முதல் 69 வயது ஆண்கள் 12, பெண்கள் 11 முறையாவது எழ வேண்டும். 70 முதல் 74 என்றால் ஆண்கள் 12, பெண்கள் 10. 75 முதல் 79 வரை ஆண்கள் 11, பெண்கள் 10. அதற்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே, விழுகிற ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் முதியவர்கள் விழாமல் தடுக்கிற திட்டத்தில் பயன்படுத்துகிற எண்கள் இவை, நம் ஆட்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் உங்கள் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை பார்ப்பது ரொம்ப உபயோகமாக இருக்கும்.

இந்தச் சோதனையேதான் முதல் பயிற்சியும். எட்டு முதல் பத்து முறை எழுந்து உட்காருங்கள், ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள். எழும்போது வேகமாக எழலாம், உட்காரும்போது மனசுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள், பொத்தென்று விழாதீர்கள். பலன் பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான். சுலபமான பிறகு சற்றுத் தாழ்வான இருக்கைக்கு மாறலாம், அப்புறம் பிடிமானத்தோடு பாதி தோப்புக்கரணம். பிள்ளையாருக்குப் போடுகிற தோப்புக்கரணம் நல்ல தொடைப் பயிற்சி, ஆனால் எழுபது வயதில் முதல்நாளே முழு ஆழத்துக்குப் போக வேண்டாம்.

முட்டி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் இதைச் செய்யலாமா?

பெரும்பாலானவர்கள் செய்யலாம், செய்யவும் வேண்டும். தொடையின் முன்பக்கத் தசை வலுவாக இருந்தால் முட்டி மேல் விழுகிற அடியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். வலிக்கிறது என்று நடப்பதைக் குறைக்க, தசை கரைய, அதனால் இன்னும் வலிக்க என்று போகிற சுற்றை எங்காவது உடைத்தாக வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் இழுத்து, ஐந்து விநாடி தொடையை இறுக்கிப் பிடித்து மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து. இருக்கை மேல் ஒரு தலையணை போட்டு உயரமாக்கிக்கொண்டு எழுந்து பழகுங்கள். செய்யும்போது லேசாக வலிப்பது பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தாலோ முட்டி வீங்கியிருந்தாலோ அளவு அதிகம், பாதியாகக் குறையுங்கள். முட்டி சூடாக, சிவந்து, வீங்கியிருந்தால் பயிற்சி வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

படி ஏறுவது நல்லதா, இறங்குவது நல்லதா?

இரண்டும் நல்லது, ஆனால் வேறு வேறு வேலை செய்கின்றன. ஏறும்போது மூச்சும் இதயமும் அதிகம் உழைக்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது, அப்படித் தாங்குகிறபோது குறைந்த மூச்சில் அதிக வலு கிடைக்கும். அதனால்தான் மலையிறங்கிய மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கைப்பிடி உள்ள ஒரு மாடிப்படியில் ஒரே ஒரு தடவை நிதானமாக இறங்கிப் பாருங்கள், இரண்டு நாள் கழித்துத் தொடை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த தடவையைச் சேருங்கள்.

குமுளி மலைச்சாலையில் நடக்கப் போகிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் லாரியும் ஜீப்பும் வருகிற வேகத்தில் ஓரம் ஒதுங்க இடமே கிடையாது.

கைக்கும் தோளுக்கும் என்ன செய்வது? தண்டால் எடுக்க முடியாதே.

தரையில் எடுக்க வேண்டாம், சுவரில் எடுங்கள். ஒரு கை தூரத்தில் நின்று, தோள் உயரத்தில் இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்து, உடம்பைப் பலகை மாதிரி நேராக வைத்துக்கொண்டு நெஞ்சைச் சுவரை நோக்கிக் கொண்டுபோய்த் தள்ளுங்கள். சுலபமாகிவிட்டால் திண்ணையில் கை வைத்துச் செய்யுங்கள், உயரம் குறையக் குறையச் சுமை கூடும்.

இழுக்கிற அசைவுக்கு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்கிற ரப்பர் பட்டை வாங்கலாம், விலை குறைவுதான், பிசியோதெரபி சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். ஜன்னல் கம்பியில் சுற்றி முழங்கையைப் பின்னால் இழுங்கள், கூன் விழாமல் இருக்க நல்ல மருந்து. பட்டை வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள், அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

சுமந்து நடப்பது எனக்கு ரொம்பப் பிடித்த பயிற்சி. இரண்டு கட்டைப்பையில் சமமாக இரண்டிரண்டு கிலோ அரிசி போட்டு, கைக்கொன்றாகப் பிடித்து, தோளைத் தூக்காமல் நிமிர்ந்து வராண்டாவில் முன்னும் பின்னும் நடங்கள். கைப்பிடி, தோள், வயிறு, முதுகு, நடை எல்லாம் ஒன்றாக வேலை செய்யும். ஒரு பக்க இடுப்பில் குடத்தை வைத்துச் சுமந்தே பழகிய பெண்களுக்கு இரண்டு பக்கமும் சமமாகச் சுமப்பது முதலில் விநோதமாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

சிலம்பம் தெரிந்தவர்கள் விட்டுவிடாதீர்கள். சண்டை வேண்டாம், கம்பு சுற்றும் வீச்சும் காலடி வைப்பும் போதும். தோள், மணிக்கட்டு, கவனம், சமநிலை எல்லாம் ஒரே கம்பில் கிடைக்கிறது. எழுபது தாண்டிய ஒரு பெரியவர் எங்கள் மைதானத்தில் தினமும் சுற்றுகிறார், இருபது வயதுப் பையன்கள் நின்று பார்க்கிறார்கள்.

யோகா மட்டும் செய்தால் போதுமா?

எந்த யோகா என்பதைப் பொறுத்தது. நின்று செய்கிற ஆசனங்கள், மெதுவான சூரிய நமஸ்காரம் இவற்றில் வலுவும் சமநிலையும் உண்டு. பிராணாயாமமும் சவாசனமும் மட்டும் என்றால் தசைக்கு எதுவும் கிடைக்காது. எலும்பு மெலிந்து பலவீனமான (ஆஸ்டியோபோரோசிஸ்) பிரச்சினை உள்ளவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனிகிற ஆசனங்களையும், தலைகீழாக நிற்பதையும் தவிர்ப்பது நல்லது.

நீச்சல்?

முட்டிக்கு அருமையானது, தெரிந்தவர்கள் படி உள்ள கிணற்றில் துணையோடு செய்யலாம். ஆனால் தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அதில் சுமை இல்லை, தரைப் பயிற்சியும் வேண்டும். முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கும்போது இறங்கவே இறங்காதீர்கள்.

கீழே விழுந்துவிடுவேனோ என்ற பயத்திலேயே வெளியே போவதில்லை. என்ன செய்வது?

பயம் நியாயமானதுதான், ஆனால் வீட்டுக்குள்ளேயே இருந்தால் கால் இன்னும் தளரும், விழுகிற வாய்ப்பும் கூடும். சமநிலை என்பது பழகினால் வருகிற திறமை. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நில்லுங்கள், பிறகு ஒரு விரல் மட்டும் தொட்டுக்கொண்டு, பிறகு தொடாமல், ஆனால் மேடை கைக்கு எட்டுகிற தூரத்திலேயே. 2022-இல் பிரேசிலில் இருந்து வெளிவந்த ஓர் ஆய்வில் 51 முதல் 75 வயது வரை உள்ளவர்களைப் பத்து விநாடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். முடியாதவர்களுக்கு அடுத்த ஆண்டுகளில் இறக்கும் ஆபத்து 84 சதவீதம் அதிகமாக இருந்தது. நிற்க முடியாததால் இறந்தார்கள் என்று அர்த்தமில்லை, உடம்பின் மொத்த நிலையையும் அது காட்டிக்கொடுக்கிறது என்று அர்த்தம். பல் தேய்க்கிற நேரத்தில் பிடிமானத்தோடு காலுக்கு அரை நிமிஷம் பழகலாம்.

அப்புறம் ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி வைத்து ஒரே கோட்டில் நடப்பது. சுவரோரமாகச் செய்யுங்கள். மெதுவான அசைவுகள் கொண்ட சீனாவின் தாய்ச்சிப் பயிற்சி முதியவர்கள் விழுவதைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு, கற்றுத்தர ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

கூடவே வீட்டையும் கவனியுங்கள். பாத்ரூமில் ஒரு கைப்பிடி, ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு, பின்பட்டை இல்லாத தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போடுவது. இவை பயிற்சியளவுக்கு முக்கியம்.

பிரஷர், சுகர் இருக்கிறது. பயமில்லையா?

மூச்சைப் பிடிக்காதீர்கள், இதுதான் முதல் விதி. கஷ்டமான பகுதியில் மூச்சை வெளியே விடுங்கள், எழும்போது சத்தமாக எண்ணினால் மூச்சு தானாகவே போய்விடும். மூச்சைப் பிடித்து முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஓய்வில் இருக்கும்போதே 180/110-க்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

சுகருக்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வராதீர்கள். பார்த்த அளவு 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள், சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு பாதத்தையும் புரட்டிப் பாருங்கள், உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. வெறுங்காலோடு நடப்பது நல்லது என்று யார் சொன்னாலும் சுகர் உள்ளவர்கள் கேட்காதீர்கள்.

நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் எது வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

என் அம்மாவுக்கு 82. எழவே கை கொடுக்க வேண்டியிருக்கிறது. இனி பலன் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயது ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் காலுக்கு வலுப் பயிற்சி கொடுத்தார்கள், கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அது எடை வைத்துச் செய்தது, பக்கத்திலேயே ஆட்கள் இருந்து செய்தது. உங்கள் அம்மா எடையைத் தொட வேண்டியதில்லை, அந்த வயதிலும் தசை கேட்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, கைப்பிடி உள்ள நாற்காலியில் இருந்து கை ஊன்றி ஒரு வேளைக்கு மூன்று தடவை எழுவது. நீங்கள் தூக்கிவிடாதீர்கள், முன்னால் நின்று கை நீட்டுங்கள், அவர் எழட்டும். எழுவதற்கு அவர் எடுத்துக்கொள்கிற அந்தக் கூடுதல் நேரத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் நீங்கள் செய்கிற உதவி. முதலில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டால் நல்லது.

சாப்பாட்டில் என்ன மாற்ற வேண்டும்?

புரதம். மூன்று வேளையும் இட்லி, சோறு, கஞ்சி என்று இருந்தால் பயிற்சி செய்தும் தசை ஏறாது. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்கிறார்கள். அறுபது கிலோ இருப்பவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம். நம் ஊரில் மொச்சைக்கும் தட்டைப்பயறுக்கும் பஞ்சமில்லை, குழம்பில் நாலு கிடப்பது போதாது, கிண்ணத்தில் போட்டுச் சுண்டலாகச் சாப்பிடுங்கள். பல் இல்லாதவர்கள் நன்றாக வேகவைத்து மசித்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

ஆடிக் காற்றும் சாரலுமாக இருக்கும்போது?

வீட்டுக்குள் செய்யுங்கள். நாற்காலி, சுவர், கட்டைப்பை, மூன்றும் உள்ளேதான் இருக்கின்றன. ஈரமான பாசிப் படியில் யாருக்கும் வேலை இல்லை.

எத்தனை நாளில் தெரியும்?

மூன்று, நான்கு வாரத்தில் எழுவது சுலபமாகும். அது நரம்பும் தசையும் சேர்ந்து வேலை செய்யப் பழகியதால். தசையே வலுத்து வர இரண்டு, மூன்று மாதம் ஆகும். நடுவில் காய்ச்சலோ கல்யாண வீடோ வந்து இரண்டு வாரம் விட்டுப்போனால் பாதி அளவில் தொடங்குங்கள், விட்ட இடத்தில் இருந்து வேண்டாம்.

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்தே போக ஆசை. வயது 67. முடியுமா?

டாக்டர் தடை சொல்லவில்லை, நாற்காலிச் சோதனையில் 12-க்கு மேல் வருகிறது என்றால் தயாராகலாம், ஆனால் தை மாதமே தொடங்க வேண்டும். லோயர் கேம்ப் பக்கத்துப் பளியன்குடியில் இருந்து மலைமேல் உள்ள கோயிலுக்குப் போகிற காட்டுப்பாதை ஆறரை கிலோமீட்டர் அளவுக்கு முழுக்க ஏற்றம். தை மாதம் நாற்காலிப் பயிற்சியும் சமதள நடையும். மாசியில் மாடிப்படி சேருங்கள், இறங்குவதையும் சேர்த்து. பங்குனியில் வாரம் ஒருநாள் மண்பாதையில் தண்ணீர்ப் பையோடு இரண்டு, மூன்று மணி நேரம் நடங்கள், அன்று போடப்போகிற அதே செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு. கடைசி ஒரு வாரம் குறைத்துக்கொள்ளுங்கள், கால் களைப்பில்லாமல் இருக்க வேண்டும்.

இறங்குவதில்தான் பலர் விழுகிறார்கள், தொடை ஏற்கெனவே களைத்துப்போயிருக்கும் என்பதால். தோள் உயரக் கம்பு ஒன்று கையில் இருக்கட்டும், அடியைச் சின்னதாக வையுங்கள், முட்டியை லேசாக மடக்கியே வைத்திருங்கள். சாயங்காலத்துக்குள் எல்லோரும் காட்டை விட்டு வெளியேறியாக வேண்டும், அதனால் விடியற்காலையிலேயே ஏறத் தொடங்கி, மதிய வெயில் ஏறுவதற்கு முன் கும்பிட்டுவிடுங்கள். அன்று முடியாது என்று தோன்றினால் குமுளியில் இருந்து ஜீப் இருக்கிறது, அதில் போய் வாருங்கள்.